காமிரா கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது?



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கு எழுதியுள்ள கடிதம் பல இல்லங்களுக்கும் பொதுவானது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் டிஜிட்டல் காமிரா வேண்டும் என்கிறானாம். சென்னையில் ஞாயிறுதோறும் நடைபெறும் புகைப்படப் பயிற்சி வகுப்பில் சேரவும் விரும்புகிறானாம். பிள்ளைகளின் அத்தாவுக்கு இரும்பாலையில் ஷிஃப்ட் வேலை. மிகைநேர ஊதியத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாய்தான் வீட்டுச் சேமிப்பு. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளோ, "அண்ணன் கற்றால் நானும் கற்பேன்" என்று நிற்கிறாளாம்.

சகோதரியின் கேள்விகள் நான்கு. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? காமிரா வாங்கத்தான் வேண்டுமா? பட்டணத்துக்கு அனுப்பிக் கற்பிக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? மகளை அனுமதிக்கலாமா?

விடையின் சுருக்கத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்த நாற்பதாயிரத்தை இப்போது தொட வேண்டாம். வீட்டில் இருக்கும் கைப்பேசியே மூன்று மாதப் பயிற்சிக்குப் போதும். பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது கருவியை அல்ல, ஒளியை. அதைக் கற்றபின், எடுக்கப்படும் படம் பிறருடைய அமானத் என்பதைக் கற்க வேண்டும். இவ்விரண்டையும் கற்ற பிள்ளைக்குக் காமிரா ஒரு நல்ல துணை. கல்லாத பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டுப் பொருள். சில வேளைகளில் ஆபத்தும்கூட.

மார்க்கத்தின் பார்வை

உருவப்படம் குறித்து உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்பது பற்றி நபிமொழிகளில் வந்துள்ள எச்சரிக்கை புகைப்படத்துக்கும் பொருந்தும் என்று கூறியோர் பலர். எகிப்தின் தலைமை முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல் முதீஈ அவர்கள் (மறைவு 1935) வேறு விதமாக ஆய்ந்தார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போன்ற ஒரு நிழலைப் பிடித்து நிறுத்துவதே புகைப்படம், அது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று என்பது அவர்கள் கருத்து. திரையில் மட்டும் தோன்றி மறையும் டிஜிட்டல் படத்தையும், தாளில் அச்சிட்ட படத்தையும் பிரித்துப் பார்க்கும் அறிஞர்களும் நம் காலத்தில் உள்ளனர். எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பதை அவரவர் தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

ஆயினும், மரம், மலை, நீர், வானம், கட்டடம், நிழல் போன்ற உயிரற்ற காட்சிகளை வரைவதிலோ படமெடுப்பதிலோ பொதுவாகத் தடை சொல்லப்படுவதில்லை. படம் வரைவதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு.

தொடக்க மாணவனுக்கு இது ஒரு குறையன்று, நல்வாய்ப்பே. மனித முகத்தை எடுத்தால், படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் முகத்தைப் பார்த்தே நாம் மகிழ்ந்து விடுகிறோம். ஒரு சுவரையோ, வாளியையோ, சன்னலையோ எடுத்து அதைப் பிறர் நின்று பார்க்கும்படி செய்வதுதான் கடினம். அதற்கு ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கு விழுகிறது என்று கவனித்தே தீர வேண்டும். ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு உயிரற்றவை மட்டுமே என்று விதி வைத்துக் கொண்டால், மார்க்க ஐயத்துக்கும் இடமில்லை, கல்வியும் ஆழமாக அமையும்.

இருட்டறையில் பிறந்த கலை

"காமிரா என்பது கமரா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது" என்று நம் மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. அது சரியன்று. இலத்தீன் மொழியில் அறை என்று பொருள்படும் சொல்லே காமிரா. 'இருட்டறை' என்ற தொடரின் பாதி அது. சொல் நம்முடையதாக இல்லாவிட்டால் என்ன? அந்த இருட்டறையின் அறிவியலை ஆராய்ந்து எழுதிய பேரறிஞர் நம்மவரே என்பதில் ஐயமில்லை.

ஏறத்தாழ கி.பி. 965இல் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040ஆம் ஆண்டளவில் மறைந்தவர் இப்னுல் ஹைதம். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று பண்டைய அறிஞர் பலர் நம்பியிருந்தனர். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே பார்வை உண்டாகிறது என்று அவர் சான்றுகளோடு நிறுவினார். பல விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரு சிறு துளை வழியே அவற்றின் ஒளியை இருண்ட இடத்தில் விழச் செய்தார். ஒவ்வொரு விளக்குக்கும் சுவரில் தனித்தனி ஒளிப்புள்ளி தோன்றியது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, பல ஒளிகள் ஒரே துளையில் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்பதை இதன் மூலம் காட்டினார். இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட அவருடைய நூல் 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது. ஐக்கிய நாடுகள் அவை 2015ஐ உலக ஒளி ஆண்டாகக் கொண்டாடியபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவருடைய ஆய்வும் நினைவுகூரப்பட்டது.

இந்தச் சோதனையை இன்று உங்கள் வீட்டிலேயே செய்யலாம். வெயில் நன்றாக அடிக்கும் பகலில், தெருவைப் பார்த்த அறையின் கதவு சன்னல்களை அடைத்து, இடுக்குகளைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். சன்னலை மூடிய அட்டையில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குத் துளையிடுங்கள். கண் இருளுக்குப் பழகச் சில நிமிடங்கள் பொறுத்திருந்தால், எதிர்ச்சுவரிலோ பிடித்திருக்கும் வெள்ளைத் துணியிலோ தெருவின் காட்சி தலைகீழாக விழுவதைக் காணலாம். மேலே இருக்க வேண்டிய வானம் கீழேயும், கீழே இருக்க வேண்டிய சாலை மேலேயும் தெரியும். அந்த அறைதான் காமிரா. துளைக்குப் பதில் லென்ஸ், வெள்ளைத் துணிக்குப் பதில் ஒளி உணரும் சில்லு. டிஜிட்டல் காமிராவின் உட்பொருள் இவ்வளவே.

அந்தச் சில்லுக்கு முன்பு அவ்விடத்தில் படச்சுருள் இருந்தது. நம் உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் படச்சுருள் தயாரித்ததைப் பெரியவர்கள் அறிவர். இன்று அவ்வாலை இயங்கவில்லை. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் காமிராவின் எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ. கறுப்பு வெள்ளையில் ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அது 23 விநாடி எடுத்துக் கொண்டது. படத்தில் இருந்தவை பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே. இன்று உங்கள் மகன் கையிலிருக்கும் சாதாரணக் கைப்பேசியின் படத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. கருவி போதவில்லை என்று எந்தப் பிள்ளையும் குறைப்பட முடியாது.

அஸர் நிழல் கற்றுத் தரும் பாடம்

புகைப்பட வகுப்புகளில் முதலில் கற்பிப்பது, உச்சிவெயிலில் படமெடுக்காதே, காலையிலும் மாலையிலும் எடு என்பது. இதைப் பணம் கொடுத்துத்தான் கற்க வேண்டுமா? சூரியனையும் நிழலையும் வைத்து ஐவேளையைக் கணித்த சமுதாயம் அல்லவா நாம்! நிழல் நீள்வதையும், சூரியன் அதற்குக் குறிகாட்டியாக அமைந்திருப்பதையும் சிந்திக்குமாறு திருமறையின் 25ஆம் அத்தியாயம் 45ஆம் வசனம் நம்மை அழைக்கிறது.

நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் உள்ள பழைய பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய அமைத்த நிழற்கடிகாரம் ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரம் பரவாத காலத்தில் நம் முன்னோர் நிழலைப் பார்த்தே பாங்கு சொன்னார்கள். அக்கலையைப் பிள்ளைகளுக்கு மீண்டும் காட்டுவதே முதல் பாடம்.

ஒரு முழக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நடச் சொல்லுங்கள். நண்பகலில் அதன் நிழல் மிகக் குறுகியிருக்கும். நம் பகுதியில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழல் அறவே இல்லாது போகும் நாளும் உண்டு. பின்னர் நிழல் வளரும். நண்பகலில் இருந்த நிழலைக் கழித்து, குச்சியின் அளவுக்கு அது வளர்ந்ததும் ஷாஃபி மத்ஹபின்படி அஸர் தொடங்குகிறது. இருமடங்கு ஆகும்போது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி அஸர். நண்பகல் நிழலே இல்லாத நாளில், முதல் நிலையில் சூரியன் 45 பாகை உயரத்திலும், இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 27 பாகை உயரத்திலும் நிற்கும்.

இந்த மூன்று வேளைகளிலும், அதாவது லுஹர், முதல் அஸர், இரண்டாம் அஸர் ஆகிய நேரங்களில், அதே குச்சியையும் அதன் அருகில் ஒரு மண்பானையையும் ஒரே இடத்தில் நின்று படமெடுக்கச் சொல்லுங்கள். நான்காவது படம் மஃரிபுக்குச் சற்று முன். நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த ஆசிரியரும் விளக்க வேண்டியதில்லை. உச்சிவெயிலில் பானை தட்டையாகத் தெரியும். அஸருக்குப் பின் ஒளி பக்கவாட்டில் படுவதால் பானையின் வளைவும் மண்ணின் சொரசொரப்பும் கண்ணுக்குத் தெரியும். மஃரிபை நெருங்கும்போது ஒளி பொன்னிறமாகும். சூரியனை நோக்கி எடுத்தால் பானை கரிய வடிவமாக மட்டும் நிற்கும். ஒளியின் திசையே படத்தின் உயிர் என்பது அப்போது பிள்ளைக்கு மனத்தில் பதியும்.

மூன்று திறவுகோல்கள்

அடுத்து, எவ்வளவு ஒளியைக் காமிராவுக்குள் விடுவது என்ற கேள்வி. இதை விளக்க நம் வீட்டுக் குழாயும் குடமும் போதும். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது ஒன்று, எவ்வளவு நேரம் திறக்கிறோம் என்பது மற்றொன்று, குடம் எவ்வளவு பெரியது என்பது மூன்றாவது.

குழாயின் திறப்பைப் போன்றது லென்ஸின் துளை. இதை அபெர்ச்சர் என்பர். எஃப் 1.8 என்றால் அகன்ற துளை, எஃப் 16 என்றால் குறுகிய துளை. எண் கூடினால் துளை குறையும் என்பதைப் பிள்ளைகள் நினைவிற் கொள்ள வேண்டும். துளை அகன்றிருந்தால் குறிவைத்த பொருள் மட்டும் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் அமையும். குறுகினால் அருகும் தொலைவும் தெளிவாகும்.

திறந்திருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது ஷட்டர். ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு மட்டும் திறந்தால், குழாயிலிருந்து விழும் நீர்த்துளிகூட அந்தரத்தில் உறைந்து நிற்கும். 30இல் ஒரு பங்கு திறந்தால், ஓடும் சைக்கிள் கோடாக இழுபடும். பல விநாடிகள் திறந்து வைத்தால் தேசிய நெடுஞ்சாலையில் செல்லும் லாரிகள் மறைந்து, அவற்றின் விளக்குகள் மட்டும் சிவப்பு வெள்ளை நாடாக்களாக நீளும்.

குடத்தின் அளவுக்கு ஒப்பானது ஐ.எஸ்.ஓ. என்னும் எண். 100இல் இருந்தால் பெரிய குடம். நிரம்ப நிறைய ஒளி வேண்டும், ஆனால் படம் சுத்தமாக இருக்கும். 3200க்கு உயர்த்தினால் சிறு குடம். மங்கிய ஒளியிலும் நிரம்பி விடும், ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற பொட்டுகள் தோன்றும்.

பெரும்பாலான கைப்பேசிகளில் துளையின் அளவை மாற்ற இயலாது. ஆனால் 'புரோ' என்ற பிரிவு இருந்தால் மற்ற இரண்டையும் மாற்றலாம். அப்பிரிவு இல்லாத கைப்பேசியிலும், திரையில் பொருளின் மீது விரலை வைத்து மேலோ கீழோ நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இந்த ஒன்றைக் கற்றாலே பாதிப் படங்கள் திருந்தி விடும்.

நம் ஊரிலேயே பயிற்சிக்களம்

கும்மிடிப்பூண்டியில் என்ன அழகு இருக்கிறது, புகையும் தூசியும்தானே என்று பிள்ளைகள் சலித்துக் கொள்வர். அந்தச் சலிப்பை மாற்றுவதே இக்கல்வியின் பயன். வாரம் ஒரு பயிற்சியாக இவற்றைக் கொடுங்கள்.

முதல் வாரம், ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கு வெளியே கிடக்கும் செருப்புகள். மேலிருந்து ஒரு படம், தரையோடு தரையாகக் கைப்பேசியை வைத்து ஒரு படம். நிற்கும் இடம் மாறினால் பொருளே மாறுவதைக் காண்பர்.

இரண்டாம் வாரம், மழை பெய்து ஓய்ந்தபின் லாரித் தடத்தில் தேங்கிய நீர். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸை நீருக்கு அருகில் கொண்டு சென்றால், அந்தச் சேற்றுக் குட்டையில் மினாராவும் வானமும் இறங்கி வரும்.

மூன்றாம் வாரம், வீட்டுச் சன்னல். பொருள் எதுவானாலும் சன்னல் ஒளி ஒரு பக்கம் மட்டும் படும்படி வைத்து எடுக்க வேண்டும். பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி ஒன்று வீட்டிலிருந்தால் அதைவிடச் சிறந்த பொருள் இல்லை. ஓலையின் ஒவ்வோர் இழையும் தெரியும்.

நான்காம் வாரம், அத்தாவின் உழைப்பைக் காட்டும் ஒரு படம். ஆனால் அத்தாவின் முகம் இடம்பெறக் கூடாது. ஆணியில் தொங்கும் பாதுகாப்புத் தொப்பி, கருகிய கையுறை, ஷிஃப்ட் முடிந்து திரும்பிய சாப்பாட்டுப் பை, இவற்றில் எது அவருடைய நாளைச் சொல்லும் என்று பிள்ளை சிந்திக்கட்டும். அத்தா எப்படிப் பிழைக்கிறார் என்று ஒருநாளும் கேட்டறியாத பிள்ளை, அந்தக் கையுறையைக் கால்மணி நேரம் உற்றுப் பார்க்கும்போது கேட்கத் தொடங்கும். ஆனால் ஆலைக்குள்ளிருந்து படம் எடுத்து வரும்படி அத்தாவை வற்புறுத்தலாகாது. பல ஆலைகளில் அதற்குத் தடையுண்டு. ஒரு படத்துக்காக வேலை போய்விடக் கூடாது.

பின்னர், குடும்பத்தோடு ஒருநாள் பழவேற்காடு சென்று வாருங்கள். 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டை அழிந்துவிட்ட போதிலும், செதுக்கு வேலைப்பாடுடைய அவர்களுடைய கல்லறைகள் இன்றும் உள்ளன. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அங்கே விரிந்து கிடக்கிறது. காலை ஒளியில் நீரும் படகும் தரும் காட்சிக்கு எந்த நகரத்துப் பூங்காவும் ஈடாகாது.

ஒரு கண்டிப்பு. சென்னை சென்ட்ரலிலிருந்து நம் ஊர்வரை வரும் மின்சார ரயில் நல்ல பாடப்பொருள்தான். ஆனால் அதை நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, உயிர் அல்லாஹ் தந்த அமானத்.

மனிதரை நோக்கித் திருப்புமுன்

மூன்று மாதம் கழிந்தபின் பிள்ளை மனிதர்களைப் படமெடுக்க விரும்பலாம். குடும்பம் பின்பற்றும் மார்க்கக் கருத்து அதற்கு இடமளித்தால், அப்போது கற்பிக்க வேண்டியது ஒழுக்கம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையாதீர், பார்வையைத் தாழ்த்திக் கொள்ளுங்கள், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர் என்று திருமறை நமக்குக் கற்பித்த மூன்று ஒழுக்கங்களும் காமிராவுக்கு அப்படியே பொருந்தும். லென்ஸும் ஒரு கண். அதுவும் ஒரு வாசல்.

நம் தொழிற்பேட்டையில் பீஹார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர். அவர்களுடைய வறுமை படத்துக்கு நன்றாக இருக்கும் என்று எண்ணி எடுப்பது கொடுமை. பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அனுமதி கேட்டு, எடுத்தபின் அவருக்குக் காட்டி, ஒரு பிரதியை அவருக்கே கொடுக்க வேண்டும். அப்படம் ஊரிலிருக்கும் அவருடைய தாயிடம் போய்ச் சேருமானால், எடுத்த பிள்ளைக்கு ஒரு துஆ கிடைக்கும்.

இவ்வழியில் நடப்பவர் நம் தமிழகத்திலேயே இருக்கிறார். மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன். அத்தாயின் உழைப்பையே படமாக்கியவர். மலக்குழிகளில் இறக்கப்படும் தூய்மைத் தொழிலாளரின் நிலையைக் காட்டிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 'பாரி' எனப்படும் கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தில் பணிபுரியும் அவர், 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். மீனவர், தூய்மைப் பணியாளர் போன்றோரின் பிள்ளைகளிடம் காமிராவைக் கொடுத்து, தம் வாழ்வைத் தாமே படமெடுக்கக் கற்பித்து வருகிறார். பிறர் வந்து நம்மைப் படமெடுத்துச் சென்ற காலம் போதும், நம் பிள்ளைகளே நம் வாழ்வைப் பதிவு செய்யட்டும் என்பதே அதன் உட்பொருள். தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாதா?

நம் சமுதாயத்து டேனிஷ் சித்தீக்கியையும் நினைவுகூர வேண்டும். ஜாமிஆ மில்லிய்யாவில் பயின்று, ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, ரோஹிங்யா அகதிகளின் துயரைப் படமெடுத்த குழுவில் ஒருவராக 2018இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் போர்க்களத்தில் பணியாற்றும்போது கொல்லப்பட்டார். கொரோனாக் காலப் படங்களுக்காக 2022இல் மீண்டும் அப்பரிசு அவர் மறைவுக்குப்பின் அறிவிக்கப்பட்டது. ஆக, பிழைப்புக்கு உதவுமா என்பதற்கும் மேலாக, ஊமையாய் நிற்பவர்களுக்குச் சாட்சியாகவும் இக்கலை உதவும்.

மகளை அனுமதிக்கலாமா?

2022இல் அப்பரிசைப் பகிர்ந்து கொண்ட நால்வருள் ஒருவர் காஷ்மீரைச் சேர்ந்த சன்னா இர்ஷாத் மட்டூ என்னும் முஸ்லிம் பெண்மணி. ஆகவே பெண்ணால் ஆகாது என்ற பேச்சுக்கு இடமில்லை.

பெற்றோரின் அச்சம் வேறு. அது பொய்யான அச்சமும் அன்று. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், படித்த முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களை அவர்கள் அறியாமல் எடுத்து, இணையத்தில் ஏலம் விடுவதாக இழிவுபடுத்திய கொடுமை இந்நாட்டில் நடந்தது. காவல்துறை சிலரைக் கைது செய்தது. இன்று செயற்கை அறிவைக் கொண்டு ஒருவர் முகத்தை மற்றோர் உடலில் பொருத்தும் கயமையும் பெருகியுள்ளது.

ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆபத்து காமிராவுக்கு முன்னால் நிற்பவருக்கே அதிகம்; பின்னால் நிற்பவருக்கு அல்ல. ஒளியையும் நிழலையும் எடுக்கக் கற்கும் பெண், தன் முகத்தையே ஓயாமல் எடுத்துப் பரப்பும் பழக்கத்திலிருந்து விலகவும் வாய்ப்புண்டு. மேலும், ஒரு படம் எப்படி உருவாகிறது, எப்படித் திருத்தப்படுகிறது என்று அறிந்த பெண்ணை ஏமாற்றுவது கடினம்.

சில பாதுகாப்புகளைக் கற்றுக் கொடுங்கள். காமிராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைத்து வைக்க வேண்டும். இல்லையேல் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் பிறர் கைக்குப் போய்ச் சேரலாம். வீட்டுப் பெண்களின் படங்களை எவருக்கும் அனுப்பலாகாது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது என்பதை மகளும் அறியட்டும். முக்கியமாக மகனும் அறியட்டும். எவரேனும் படத்தைக் காட்டி மிரட்டினால், உடனே பெற்றோரிடம் சொல்லும் துணிவு பிள்ளைக்கு வேண்டும். சொன்ன பிள்ளையைத் திட்டாமல், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் அளிக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

பட்டணத்துப் பயிற்சி

சென்னையில் இக்கலையைக் கற்பிப்பது புதியதன்று. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியிலேயே புகைப்படக் கலையும் பயிற்றுவிக்கப்பட்டது. அதுவே இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. 1857இல் தோன்றிய சென்னைப் புகைப்படச் சங்கம் இன்றும் இருக்கிறது. 2016இல் முதன்முறையாக நடந்த சென்னைப் புகைப்படத் திருவிழா, படங்களை ரயில் நிலையம் போன்ற பொது இடங்களில் வைத்தது. அதை நடத்தும் அறக்கட்டளை பயிற்சிகளும் அளிக்கிறது. இத்தகைய கண்காட்சிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதே ஒரு வகுப்புக்குச் சமம்.

எனவே சகோதரிக்கு என் ஆலோசனை இது. மூன்று மாதம் இரு பிள்ளைகளும் வீட்டுக் கைப்பேசியில் பயிலட்டும். நாளொன்றுக்குப் பத்துப் படங்களுக்கு மேல் கூடாது. வாரக்கடைசியில் குடும்பத்தோடு அமர்ந்து, ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து, ஏன் அது நல்லது என்று பிள்ளை சொல்ல வேண்டும். மற்றவற்றை அழித்து விடலாம். மூன்று மாதம் கழித்துப் பன்னிரண்டு படங்கள் நிற்கும். அவற்றை அச்சிட்டுப் பாருங்கள். ஆர்வம் அப்போதும் குறையாதிருந்தால், நகரத்து வகுப்பின் கட்டணம், நேரம், பயிற்றுநரின் பண்பு ஆகியவற்றை விசாரித்துச் சேருங்கள். காமிரா தேவைப்பட்டால் வகுப்பிலோ நண்பரிடமோ இரவல் பெற்றுப் பழகியபின், பழைய காமிரா ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். மகளின் கல்விப் பணம் மகளின் கல்விக்கே இருக்கட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மதரஸாக் கூடத்தில் ஞாயிறு அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பத்துப் பிள்ளைகள் பத்துக் கைப்பேசிகளோடு வந்து கற்கலாம். செலவென்று எதுவும் இல்லை. ஆண்டிறுதியில் அப்படங்களை ஜமாஅத் கூடத்தில் காட்சிக்கு வைத்தால், தம் ஊரைத் தம் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பெரியவர்களும் காண்பார்கள்.

பார்வை என்பது அல்லாஹ் அளித்த அருட்கொடை. மறுமையில் அதைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம். அந்தப் பார்வையை நல்லதைக் காணவும், காண வேண்டாததை விட்டு விலகவும், காணப்படாதோரைப் பிறருக்குக் காட்டவும் பயன்படுத்தும் நல்ல தலைமுறையாக நம் பிள்ளைகளை வல்ல நாயன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.